தனி மெஷின்காரர்

முல்லா வீதிப் பக்கம் வந்து சிராஜுதீன் என்று கேட்டால் நான்கு பேரைக் கை காட்டுவார்கள். ‘திரைச்சீலை பாய்’ என்று கேட்டால்தான் சரியான கடைக்குப் போய்ச் சேரலாம். கடற்கரையை ஒட்டிய தெருக்களில் உள்ள விடுதிகளில் பாதிக்கு அவர் தைத்த திரைதான் தொங்குகிறது. பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற பழைய ஆட்கள் சிலர் இன்னும் திரையை ‘ரிதோ’ என்று பிரெஞ்சில் கேட்டுத்தான் வந்து நிற்பார்கள். அளவெடுத்துத் தைத்துக் கொடுத்துவிட்டு அவரும் ‘மெர்சி’ என்று நன்றி சொல்வார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு அந்த இரண்டு சொல்தான்.

வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் ஆளைப் பற்றித் தெருவில் நல்ல பேச்சு கிடையாது. மண்டைக்கனம் பிடித்தவர் என்பார்கள். யார் வீட்டு விசேஷத்துக்கும் வருவார், வாசலில் நின்று கை கொடுப்பார், மொய் வைப்பார், சாப்பாட்டுக்கு ஆள் தேடும்போது காணாமல் போய்விடுவார். எந்த வீட்டிலும் கை நனைத்ததில்லை.

தெருக்காரர்களை விடுங்கள், சொந்தத் தங்கை வீட்டிலேயே அப்படித்தான். தங்கை அக்தர் பேகத்தைக் கட்டிக்கொடுத்தது பெரிய மார்க்கெட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஹாதிக்கு. ஹாதியின் குடும்பம் காரைக்காலிலிருந்து வந்தது. அங்கே பெருநாள் சாப்பாடு என்றால் சஹனில்தான். சஹன் என்பது அகலமான ஒரு தட்டு. நடுவில் சோற்றைக் கொட்டி, மேலே கறியை வைத்து, நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுவார்கள். நல்ல கறித்துண்டு தன் பக்கம் கிடந்தால் அதை விருந்தாளியின் பக்கம் தள்ளிவிடுவது மரியாதை. அந்தச் சஹனைப் பார்த்ததும் சிராஜுதீனுக்கு வயிறு சரியில்லாமல் போய்விடும். ஒவ்வொரு பெருநாளும் அதே வயிறு, அதே சாக்கு. ஹாதியின் வீட்டார் எதுவும் கேட்க மாட்டார்கள். அவர் போனபிறகு அக்தர் பேகத்தின் முகத்தை மட்டும் ஒரு பார்வை பார்ப்பார்கள்.

இதற்கு முன்னால் நடந்தது இன்னும் மோசம். ஹாதியின் சித்தப்பா மகளைத்தான் சிராஜுதீனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். துபாய்க்கு விசா வந்தது, நிக்காஹ் முடித்துவிட்டுக் கிளம்புவதாக ஏற்பாடு. விசாவுக்காக ரத்தம் கொடுத்துப் பரிசோதனை செய்தவர், முடிவை வாங்கிவந்த அன்றே விசாவும் வேண்டாம் நிக்காஹும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காரணம் கேட்டால் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு வேறு நல்ல இடம் அமைந்துவிட்டது என்பது வேறு. புகுந்த வீட்டில் அக்தர் பேகம்தான் தலை குனிந்து நின்றாள்.

பரிசோதனையில் வந்தது எச்.ஐ.வி. எப்படி வந்தது என்று சிலருக்கு வாய் துறுதுறுக்கும். சர்க்கரை வந்தவனிடம் எப்படி வந்தது என்று நாம் குடைவதில்லை. அதே நாகரிகத்தை இங்கேயும் காட்டலாம். வந்தது. மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கினார், கடையில் திரை வளையங்கள் வைக்கும் டப்பாவுக்குள் ஒளித்துவைத்து ஒருநாள் தவறாமல் விழுங்கினார். ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கிப்போனது. பதினான்கு வருடம் ஒரு காய்ச்சல்கூட இல்லாமல் கழித்தார்.

பிறகு சிறுநீரகம் படுத்துவிட்டது. ரத்தக்கொதிப்பைக் கவனிக்காமல் விட்டது பாதி, பழைய மாத்திரை ஒன்று செய்தது பாதி என்றார்கள். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். இதை மறைக்க முடியாது, ஊசி ஏற்றுகிற கையின் வீக்கம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் கிட்னி போய்விட்டது என்பது மட்டும் ஊருக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் மெஷின்கள் வரிசையாக இருக்கும். கடைசியில், ஒரு திரைக்குப் பின்னால், தனியாக ஒன்று. அதுதான் சிராஜுதீனுக்கு. அவருக்குப் போடுகிற மெஷினை வேறு யாருக்கும் போட மாட்டார்கள். அதைவிட அவருக்கு உறுத்தியது அந்தத் திரை. பச்சைத் துணி, தரைக்கு ஒரு முழம் மேலேயே நின்றுவிடும், பாதி வளையம் கழன்று கோணலாகத் தொங்கும். படுத்தபடி நான்கு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தால் திரை தைக்கிறவனுக்கு எப்படி இருக்கும்? பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் தானே நல்ல துணியில் தைத்துக்கொண்டுவந்து மாட்டிவிட்டார்.

அதற்கு அடுத்த முறை துணைக்கு வந்த அக்தர் பேகம் பார்த்தாள். எல்லாரும் வரிசையில் படுத்திருக்க, தன் அண்ணன் மட்டும் புதுத் திரைக்குப் பின்னால் தனி மெஷினில்.

“இந்தத் தெரைய நீயா தச்சுக் குடுத்த?”

“ஆமா.”

“அதான் தனி மெஷினு குடுத்துருக்காங்க!”

சிராஜுதீன் மறுக்கவில்லை. கேட்காமலே கிடைத்த பொய், அவர் சொல்லவேண்டிய அவசியம்கூட இல்லாமல் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. அக்தர் பேகம் அதைத் தெரு முழுக்கக் கொண்டுபோனாள். “எங்க அண்ணனுக்குத் தனி மெஷினு, தெரியுமா? வேற ஆளு தொட முடியாது. டாக்டருங்க அவ்ளோ மரியாத.” மண்டைக்கனம் பிடித்தவர் என்ற பெயர் போய், தனி மெஷின்காரர் என்ற பெயர் வந்தது. இத்தனை வருடத்தில் அண்ணனைப் பற்றி அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக் கிடைத்தது இந்த ஒன்றுதான் என்பதால் அவரால் அதைப் பிடுங்கவும் முடியவில்லை.

டயாலிசிஸ் பார்க்கிற டாக்டர் சுடர்விழி ஒருநாள் அவர் கட்டிலருகே நின்று கேட்டார்.

“பாய், நீங்க ஏன் மாற்று கிட்னிக்கு முயற்சி பண்ணல?”

“எனக்கெல்லாம் போட மாட்டாங்களே டாக்டர்.”

“யாரு சொன்னாங்க?”

யாரோ எப்போதோ சொன்னது. அவரும் திரும்பக் கேட்டுப் பார்த்ததில்லை. டாக்டர் சுடர்விழி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். முன்பெல்லாம் தயங்கினார்கள், இப்போது அப்படியில்லை. கிருமி அடங்கியிருக்கிறது, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார், மற்ற உறுப்புகள் நன்றாக இருக்கின்றன. புது மருந்தோடு மோதாத மாத்திரையாக மாற்றிக்கொண்டால் சென்னையில் செய்யலாம். கொடுக்க ஒரு ஆள் வேண்டும்.

ஆளைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. மாற்று கிட்னி என்ற சொல் காதில் விழுந்ததுமே அக்தர் பேகம் கிளம்பிவிட்டாள். “எனக்கு ரெண்டு இருக்குது. ரெண்டையும் வெச்சிக்கிட்டு என்னா பண்ணப் போறேன்?” ரத்தப் பிரிவும் பொருந்தியது. சிராஜுதீன்தான் நாளைக் கடத்தினார். டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொல்லியிருந்தார்.

“நான் அவங்ககிட்ட சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. ஆனா குடுக்கறவங்க எல்லாம் தெரிஞ்சுதான் குடுக்கணும். நீங்க சொன்னாத்தான் அடுத்த டெஸ்டு.”

சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பார். இன்றைக்கு வேண்டாம் என்று தினமும் விட்டுவிடுவார். சொன்னால் கிட்னி போய்விடும், சொல்லாவிட்டாலும் கிடைக்காது. கிட்னி போனால் தொலையட்டும், டயாலிசிஸிலேயே இருக்கும்வரை இருந்துவிட்டுப் போகலாம். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டால்? அவருக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான். வாரக்கணக்கில் இப்படியே ஓடியது.

கடைசியில் அவரைச் சொல்ல வைத்தது அந்தத் தனி மெஷின்தான். ஊசி இரண்டும் ஏற்றி, குழாயில் ரத்தம் ஓடத் தொடங்கிய நேரம் அக்தர் பேகம் திரையை விலக்கிக்கொண்டு உற்சாகமாக வந்தாள்.

“அண்ணே, நம்ம மணியம்மா வீட்டுக்காரருக்கு இந்த மெஷினக் கேட்டுருக்கேன். நீ வராத நாள்ல சும்மாதான கெடக்குது?”

மணியம்மாள் அவள் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரி. கணவர் ராஜாங்கம் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதே அறையில், திரைக்கு அந்தப் பக்கம், வரிசையில் படுத்திருந்தார். அக்தர் பேகம் அளந்த பெருமையைக் கேட்டுக் கேட்டு மணியம்மாளுக்கும் தன் கணவருக்கு ஒரு மரியாதை வேண்டும் என்று தோன்றிவிட்டது. நியாயம்தானே?

“யாருகிட்ட கேட்ட?” என்றார் சிராஜுதீன்.

“நர்சுகிட்டதான். அது என்னமோ திருதிருன்னு முழிக்குது. முடியாதுன்னுது, ஏன்னு கேட்டா பதிலக் காணோம். நீ ஒரு வார்த்த சொல்லு. உனக்கு என்னா கொறஞ்சிடப் போவுது? இல்லன்னா நான் பெரிய டாக்டருகிட்டயே போயி நியாயம் கேக்கறேன்.”

அவள் போய்விடுவாள். வார்டு நடுவில் நின்று நியாயம் கேட்கக்கூடியவள்தான்.

“அக்தரு, உக்காரு.”

“உக்காந்தா ஆவாது, மணியம்மா வெளிய நிக்குது.”

“உக்காருன்னு சொல்றேன்ல.”

உட்கார்ந்தாள். திரைக்கு அந்தப் பக்கம் ராஜாங்கம் இருமினார். சிராஜுதீன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இது மரியாதைக்குக் குடுத்த மெஷினு இல்ல. எனக்கு எச்ஐவி இருக்குது. துபாய்க்குப் போவ ரத்தம் டெஸ்டு பண்ணேன்ல, அப்போலருந்து. அதான் தனியா போட்டுருக்காங்க.”

அக்தர் பேகம் அவர் முகத்தைப் பார்த்தாள். ரத்தம் ஓடுகிற குழாயைப் பார்த்தாள். எழுந்தாள். திரையை விலக்கிக்கொண்டு போய்விட்டாள்.

எழுந்து பின்னால் ஓட முடியாது. கையில் இரண்டு ஊசி, உடம்பு ரத்தம் மெஷின் வழியாக ஓடுகிறது. உலகத்தில் எந்த அண்ணனுக்கும் இப்படிக் கட்டிப்போட்ட நிலையில் தங்கையை இழக்கிற கொடுமை வரக் கூடாது. தான் தைத்த திரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். நன்றாகத் தைத்த திரை, வெளியே நடப்பது ஒரு கீற்றுகூடத் தெரியவில்லை.

மெஷின் நின்று, ஊசியை உருவி, பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவள் திரும்பி வந்தாள். கண் சிவந்திருந்தது.

“மணியம்மாவ அனுப்பிட்டேன். மெஷினு ரிப்பேரு, தொட்டா ஷாக்கு அடிக்குதுன்னு சொல்லிட்டேன்.”

சொல்லிவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

“ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அன்னிக்கு நிக்காஹ நிறுத்துனியே, இதுக்குத்தானா?”

“ஆமா.”

“எங்க ஊட்டு சஹன்ல கை வெக்காம எழுந்து எழுந்து போனியே?”

“அதுவும்தான்.”

“சாப்பாட்டுல ஒட்டிக்குமா?”

“ஒட்டாது. அது எனக்கு மொதல் நாளே தெரியும்.”

“பின்ன என்னாத்துக்கு?”

“என்னிக்காவது ஒருநாள் உங்களுக்குத் தெரிஞ்சிடும்ல. அப்போ, அய்யோ இவனோட ஒரே தட்டுல தின்னோமேன்னு நெனச்சு நெனச்சு கொமட்டும்ல. உன் மவ நிதா வேற சின்னப் புள்ள, அதுவும் அந்தத் தட்டுலதான் சாப்புடும்.”

அக்தர் பேகம் ஊசி குத்தாத கையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு அதே கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“பாத்திரக்கடைக்காரரக் கட்டிக்கிட்டேன்னு எங்கள எளக்காரமா நெனைக்கிறன்னு இருந்தேன் அண்ணே. இத்தன வருஷமா. அவங்க பாக்கற பார்வைக்கெல்லாம் நான் பதில் தெரியாம நின்னேன். எங்க மேல உனக்கு ஒண்ணும் இல்லியா? நெஜமாவே இல்லியா?”

“அல்லாமேல சத்தியமா இல்ல.”

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பெரிய நோயைப் பற்றிக் கேள்விப்பட்டவளின் முகமா அது? பதினைந்து வருடமாகச் சுமந்த ஒரு மூட்டையை இறக்கிவைத்தவளின் முகம். சிராஜுதீனுக்கும் மூச்சு சீராக வந்தது. கிட்னி என்ற பேச்சை எடுக்கவே அவருக்குத் தைரியம் இல்லை. அவளே எடுத்தாள்.

“அடுத்த டெஸ்டு என்னிக்குன்னு டாக்டரக் கேளு.”

ஹாதியிடம் அவள்தான் சொன்னாள், அண்ணனிடம் அனுமதி கேட்டுக்கொண்டு. அவர் அவ்வளவு லேசில் தலையாட்டவில்லை. நான்கைந்து நாள் பாத்திரக்கடையிலேயே கிடந்தார். பிறகு டாக்டர் சுடர்விழியைத் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கொடுக்கிறவளுக்கு நோய் வராது, ஒரு கிட்னியோடு நன்றாக வாழலாம், ஆனால் ஆபரேஷன் என்றால் ஆபரேஷன்தான், ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். ஹாதி நேராகத் திரைக்கடைக்கு வந்தார்.

“மச்சான், அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் உங்கள மன்னிக்க மாட்டேன். அத இப்பவே சொல்லிடறேன்.”

“சரி மச்சான்.”

“சம்மதக் கையெழுத்தும் போடறேன்.”

இரண்டையும் ஒரே மூச்சில் சொன்ன மனிதரை மெச்சத்தான் வேண்டும். பொய்யாகச் சிரித்துக்கொண்டு ஒத்துக்கொள்கிறவர்களைவிட இவர் எவ்வளவோ மேல்.

அதற்குப் பிறகு சென்னைக்கு நடையாய் நடந்தார்கள். காலாப்பட்டு தாண்டினால் அக்தர் பேகம் பஸ்ஸில் தூங்கிவிடுவாள், சிராஜுதீன் ஜன்னலோரம் அவள் தலையைத் தாங்கிக்கொண்டு வருவார். மாத்திரையை மாற்றினார்கள், மறுபடி மறுபடி ரத்தம் எடுத்தார்கள். உறுப்பு கொடுப்பதற்கு அனுமதி தருகிற குழுவின் முன்னால் அவளை உட்காரவைத்து, உங்களை யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்டார்கள். “நாந்தாங்க அவர வற்புறுத்திட்டு இருக்கேன்” என்றாள். குழுவில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்களாம்.

ஆபரேஷன் நாளில் ஹாதி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, கடந்துபோன ஒவ்வொரு பச்சை அங்கிக்காரரையும் எழுந்து நின்று பார்த்தார். முதலில் அக்தர் பேகத்தைக் கொண்டுவந்தார்கள். கண் திறந்து, “அண்ணனுக்கு என்னா ஆச்சு?” என்றாள். அதைக் கேட்டபிறகுதான் ஹாதிக்குக் கால் தரையில் பாவியது. பிறகு அந்தச் செய்தி வந்தது. மேஜையில் வைத்துத் தைக்கும்போதே கிட்னி வேலையைத் தொடங்கிவிட்டது, சிறுநீர் நன்றாக வருகிறது.

சிறுநீர் வருவதற்கு இவ்வளவு சந்தோஷமா என்று கேட்பவர்கள், ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாது என்ற தண்டனையில் வாழ்ந்து பார்க்கட்டும். தண்ணீர் குடிக்கலாம் என்று சொன்ன அன்று சிராஜுதீன் ஒரு செம்புத் தண்ணீரை நிறுத்தாமல் குடித்துவிட்டு, கண்ணில் நீர் வர உட்கார்ந்திருந்தார். பக்கத்து அறையிலிருந்து அக்தர் பேகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்துவந்து கட்டிலில் தொங்கிய சிறுநீர்ப் பை நிறைந்திருந்ததைப் பார்த்தாள்.

“பாத்தியா, என் கிட்னி! சும்மா ஒக்காந்து திங்கற சாதியா அது?”

ஊருக்குத் திரும்பியதும் பெருமை மறுபடி ஆரம்பித்துவிட்டது. இந்த முறை கிட்னிப் பெருமை. மணியம்மாள் மட்டும் நடைமுறையாகக் கேட்டாள்: “அப்போ அந்தத் தனி மெஷினு காலியாதான இருக்கும்? ரிப்பேரு பாத்துட்டாங்களா?” அக்தர் பேகம், அந்த மெஷினையே தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்று சொல்லிவைத்தாள். சொல்லவேண்டியவர்களுக்குச் சொன்னாயிற்று. மற்றவர்களுக்கு எதற்கு?

நோன்புப் பெருநாள் வந்தது. தொழுகை முடிந்து சிராஜுதீன் தங்கை வீட்டுக்குப் போனார். வயிற்றுவலிச் சாக்கு இல்லை, வாசலில் தயக்கம் இல்லை. கை கழுவிவிட்டு வந்து, ஹாதிக்கும் நிதாவுக்கும் நடுவில், சஹனுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பதினைந்து வருடப் பசி அவருக்கு. கையை நீட்டினார்.

அக்தர் பேகம் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

“டாக்டரு என்னா சொன்னாங்க? இன்னும் கொஞ்ச நாளைக்கு எல்லாரு கையும் பட்ட சோறு உனக்கு ஆவாது. எங்க கையில இருக்கற கிருமி உனக்கு ஒட்டிக்கப் போவுது.”

புது கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கிற மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும், அதனால் அந்தக் கட்டுப்பாடு. சுடச்சுட வடித்த சோறு, மூடிவைத்த தனித் தட்டில் அவருக்கு வந்தது. சிராஜுதீன் தட்டைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார்.

“உன் கிட்னி என் வயித்துக்குள்ள கெடக்குது. உன் தட்டுல கை வெக்கக் கூடாதா?”

ஹாதிக்குப் புரையேறிவிட்டது. நிதா சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு மணியம்மாள் எட்டிப் பார்த்தாள். சிராஜுதீனும் சேர்ந்து சிரித்தார், அந்த வீட்டில் அவர் அப்படிச் சிரித்து யாரும் கண்டதில்லை. தனித் தட்டாக இருந்தாலும் தங்கை வீட்டில் இத்தனை வருடம் கழித்துக் கை நனைத்தார், இரண்டு முறை கேட்டு வாங்கியும் சாப்பிட்டார்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் டாக்டர் சுடர்விழி பரிசோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றதற்கு, கூட வந்திருந்த அக்தர் பேகம்தான் முந்திக்கொண்டு சஹனைப் பற்றிக் கேட்டாள். டாக்டருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், எல்லாரும் சோப்பு போட்டுக் கை கழுவிக்கொண்டு, சூடாகச் சாப்பிடுங்கள் என்றார்.

அந்தப் பெருநாளன்று குழாயடியில் கூட்டம். அக்தர் பேகம் சோப்போடு நின்று புருஷனை இரண்டு முறை கழுவவைத்தாள், மகளை மூன்று முறை. சஹன் வந்தது. ஆவி பறந்தது. யாரும் கை வைக்காமல் சிராஜுதீனுக்காகக் காத்திருந்தார்கள். அவர் பிஸ்மி சொல்லி, தன் பக்கத்துச் சோற்றில் கையை வைத்தார்.

ஹாதி தன் பக்கம் கிடந்த நல்ல கறித்துண்டை விரலால் தள்ளி மச்சானின் பக்கம் கொண்டுவந்து விட்டார். சிராஜுதீன் அதைப் பிய்த்தார். பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, மீதியைத் திரும்பத் தள்ளித் தங்கையின் பக்கம் வைத்தார். அக்தர் பேகம் அதை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டாள்.